பாலாற்றை ஆக்கிரமித்த 'வேலிகாத்தான்': வெட்டினால் மட்டும் போதுமா?

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர்னு பாலாற்றங்கரையில் போனால் கண்ணில் படும் முள்மரம் இது. ஊர்ப்பெயர் வேலிகாத்தான். பொதுப்பெயர் சீமைக் கருவேலம்.

எங்கிருந்து வந்தது?

மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் பகுதிகளின் மரம். விறகுக்காக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசு சென்னை மாகாணத்தில் நட்டது. பிறகு வயல் வேலிக்கும் வந்தது.

நம்ம கருவேலம் வேறயா?

ஆமாம். நாட்டுக் கருவேலம் பூ மஞ்சள் பந்து மாதிரி, காய் மணி கோத்தது மாதிரி இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீளமான கதிர்.

தோல் தொழிலுக்கு என்ன தொடர்பு?

ரசாயன முறைக்கு முன்பு தோல் பதனிட ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை போன்றவை பயன்பட்டன. அதாவது, நம்ம மண்ணின் செடிகளுக்கு அப்போது விலை இருந்தது.

பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பு போடுவார்கள். டேனரியில் அதைக் கழுவும் தண்ணீரில் உப்பு அதிகம். இந்தக் கழிவுநீரால் பாலாற்றுப் படுகை கெட்டது குறித்து உச்ச நீதிமன்றம் 1996லும் 2025லும் தீர்ப்பு வழங்கியிருக்கிறது. உப்பேறிய நிலத்தில் நெல் தாங்காது, சீமைக் கருவேலம் தாங்கும். விவசாயி கைவிட்ட நிலம் அதற்கு வசதி.

எப்படிப் பரவுகிறது?

காய் இனிப்பு. ஆடு, மாடு தின்று சாணத்தோடு விதையைப் போட்டுவிடும். அடர்ந்து வளர்ந்தால் அடியில் மற்ற செடிகள் எழும்புவது கஷ்டம்.

காற்றின் ஈரத்தை உறிஞ்சுமா?

பலரும் பகிரும் இந்தத் தகவலுக்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஆழமாக வேர்விட்டு நிலத்தடி நீரை எடுக்கும் என்பது உண்மை.

நீதிமன்றம், அரசு என்ன சொல்கின்றன?

2017ல் இவற்றை அகற்ற உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டில் சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. 2022ல் அயல் தாவரங்களை அகற்றவும், அந்த இடத்தில் இயல்தாவரங்களை மீட்கவும் தமிழக அரசு தனிக் கொள்கை வெளியிட்டது.

என்ன செய்யலாம்?

மேலே வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். விறகையும் கரிமூட்டத்தையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு மாற்று வழியும் வேண்டும்.

முக்கியமாக, பிடுங்கிய இடத்தைச் சும்மா விடக்கூடாது. மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கே முளைக்கும். ஆவாரை, புங்கன், வேம்பு, நாட்டுக் கருவேலம் என நட்டு, அவை தலையெடுக்கும் வரை காவல் காத்தால்தான் நிலம் திரும்பக் கிடைக்கும்.