நானுஓயாவின் இரு பாதைகளும் கணனியின் பெயர்களும்

கொழும்பிலிருந்து மலையேறி வந்த அகலப் புகையிரதப் பாதை 1885 ஆம் ஆண்டில் நானுஓயாவை அடைந்தது. அதன் தண்டவாள இடைவெளி 5 அடி 6 அங்குலமாகும். அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலைக்குச் சென்ற கிளைப்பாதை 1903, 1904 ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது. அதன் இடைவெளியோ 2 அடி 6 அங்குலமே. இரண்டும் புகையிரதப் பாதை என்றே பெயர்பெற்றன. ஆயினும் ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. ஆதலின் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் நானுஓயாவில் இறக்கப்பட்டு மீண்டும் ஏற்றப்படவேண்டியிருந்தன. 1940களில் அக்கிளைப்பாதை கைவிடப்பட்டது.

கணனியின் வரலாற்றிலும் இத்தகைய நிலையையே காண்கிறோம். ஒரு நுண்செயலி விளங்கிக்கொள்ளும் அறிவுறுத்தல்களின் தொகுதியே அதன் தண்டவாள இடைவெளி எனலாம். 1964 இல் ஐபிஎம் நிறுவனம் 'சிஸ்டம்/360' வரிசையை அறிவிக்கும்வரை, ஒரே நிறுவனத்தின் சிறிய கணனிக்கு எழுதிய நிரலைப் பெரிய கணனிக்கு மாற்றி எழுதவேண்டியிருந்தது. அவ்வரிசையோ பல அளவான கணனிகளுக்கு ஒரே அறிவுறுத்தல் தொகுதியை வகுத்தது.

1978 இல் இன்டெல் வெளியிட்ட 8086 என்னும் நுண்செயலியின் வழித்தோன்றல்களே எக்ஸ்86 எனப்படுகின்றன. 1985 இல் வந்த 80386 அதனை 32 பிற்றுக்கு விரித்தது. 64 பிற்றுக்கு விரித்ததோ போட்டி நிறுவனமாகிய ஏஎம்டி ஆகும். 2003 இல் அது வெளியிட்ட அமைப்பை 2004 இல் இன்டெல்லும் ஏற்றுக்கொண்டது. ஆகவே 'ஏஎம்டி64' எனக் குறிக்கப்பட்ட மென்பொருள் இன்டெல்லின் 64 பிற்று எக்ஸ்86 நுண்செயலியிலும் இயங்கும். மாறாக, 'ஐஏ-64' என்பது இன்டெல் 2001 இல் வெளியிட்ட இற்றேனியத்தின் பெயர். அதன் அறிவுறுத்தல் தொகுதி முற்றிலும் வேறானது. பழைய எக்ஸ்86 நிரல்கள் அதில் மெதுவாகவே இயங்கின. 2021 இல் அதன் விநியோகமும் நின்றது. 1985 இல் கேம்பிரிட்ஜில் பிறந்து இன்று கைத்தொலைபேசிகளில் நிறைந்துள்ள 'ஆர்ம்' மற்றொரு பாதை. எக்ஸ்86 நிரல் அதில் இயங்க, மொழிபெயர்க்கும் மென்பொருள் இடைநிற்றல் வேண்டும். நானுஓயாவில் பெட்டி மாற்றியதைப் போன்றதே அது.

இவற்றை நோக்குமிடத்து, பெயர் பாதையை இட்டவர் யார் என்பதைக் கூறுகின்றதேயன்றி, அதில் ஓடத்தக்கது எது என்பதைக் கூறுவதில்லை என்பது புலனாகும். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரேயொரு பழைய கணனியை நம்பிக் கற்கும் மாணவனுக்கு இது சிறிய செய்தியன்று. பெயரின் பொருள் அறியாமையால், நன்கு இயங்கத்தக்க பொறியொன்று பயனற்றதென மூலையில் ஒதுக்கப்படலாம். நிறுவனத்தின் பெயரை வினவுவதற்கு முன் இடைவெளியை அளந்தறிதலே முறையாகும்.