தானே மாறும் கியரின் வரலாறு

மோட்டார் வண்டி ஓட்டுவோர்க்கு ஒருகாலத்தில் பெருஞ் சோதனையாக இருந்தது கியர் மாற்றுதலே. காலால் கிளச்சை மிதித்து, கையால் கம்பைத் தள்ளி, பற்சக்கரங்கள் உரசாமல் பொருந்தச் செய்வது பழக்கத்தால் மட்டுமே கைவரும் வித்தை. அவ்வித்தையை இயந்திரம் எவ்வாறு ஏற்றுக்கொண்டது, பின்னர் அவ்வியந்திரத்தையே சாமானியர் எவ்வாறு தம் கைவசமாக்கினர் என்பதை இங்கு நோக்குவோம்.

இதன் மூலம் வண்டியில் இல்லை, கப்பலில் இருக்கிறது. அந்நாளில் ஜெர்மனியைச் சேர்ந்திருந்த ஸ்டெட்டின் நகரத்துக் கப்பல் தளத்தில் பணியாற்றிய ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905ஆம் ஆண்டில் ஒரு காப்புரிமை பெற்றார். விரைந்து சுழலும் நீராவி டர்பைனை, மெதுவாகச் சுழலவேண்டிய கப்பல் விசிறியுடன் இணைப்பது எப்படி? இரண்டையும் இரும்பால் பிணைக்காமல், ஒரு சக்கரம் வீசும் திரவம் மற்றொன்றைச் சுழற்றட்டும் என்பது அவர் கண்ட விடை.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஏர்ல் தாம்ஸன் குழுவினர் திரவப் பிணைப்போடு கோள்சக்கரத் தொகுதிகளைச் சேர்த்து 'ஹைட்ராமாட்டிக்' என்னும் பெட்டியை உருவாக்கினர். 1939இல் அறிவிக்கப்பட்ட இது 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் இடம்பெற்றது. முன்செல்ல நான்கு கியர்கள். கிளச் மிதி கிடையாது. எண்ணெயின் அழுத்தமே கியரை மாற்றியது. இரண்டாம் உலகப் போரில் எம்-5 டாங்கிகளையும் இது ஓட்டிற்று. 1953 ஆகஸ்ட் 12இல் லிவோனியா தொழிற்சாலை தீக்கிரையானபோது, காடிலாக் போன்ற உயர்ந்த வண்டிகளும் பியூக்கின் கியர்ப் பெட்டியைக் கடன்வாங்க நேர்ந்தது. அந்த அளவுக்கு மக்கள் இவ்வசதிக்குப் பழகிவிட்டிருந்தனர்.

ஆயின், ஓட்டுபவர் அறியவேண்டாத பெட்டி, பழுதுற்றால் யாரும் அறியாத பெட்டியாகிவிடும் அல்லவா? இந்நிலையை மாற்றியவருள் கலிபோர்னியாவின் பந்தயப் பிரியர்கள் முக்கியமானவர்கள். 1950களிலேயே அவர்கள் ஹைட்ராமாட்டிக்கைப் பிரித்து வலுப்படுத்தினர். அவ்வழக்கம் நாளடைவில் வீட்டுக் கொட்டகைகளுக்கும் பரவியது.

பிரித்தவர்கள் கண்ட உண்மை ஒன்றுண்டு. பெட்டியைக் கெடுப்பவை பெரும்பாலும் விலையுயர்ந்த பற்சக்கரங்கள் அல்ல. அற்பமான ரப்பர் வளையங்களே. வெப்பத்தால் வளையம் இறுகும், அழுத்தம் கசியும், உராய்வுத் தகடுகள் வழுக்கும், வழுக்கலால் வெப்பம் மேலும் பெருகித் தகடுகள் கருகும். ஆகவே புதுப்பித்தல் என்பது வலிமையின் வேலையன்று, தூய்மையின் வேலை. பஞ்சு உதிரும் துணி கூடாது. புதுத் தகடுகளை எண்ணெயில் ஊறவைத்தே பொருத்தவேண்டும். வளையங்களுக்கு வாஸ்லைன் தடவலாம். அது சூடான எண்ணெயில் கரைந்துவிடும். சாதாரணக் கிரீஸோ நுண்வழிகளை அடைத்துவிடும். மூடுமுன் காற்றைச் செலுத்தி ஒவ்வொரு கிளச்சும் பிடிக்கிறதா என்று சோதித்தல் இன்றியமையாதது. எண்ணெய் குளிர்விக்கும் குழாய்களையும் கழுவவேண்டும். இன்றேல் பழைய பொடி புதுப் பெட்டியையும் கெடுக்கும்.

மேம்படுத்தலுக்கும் வழி உண்டு. 1950 முதல் 1973 வரை வந்த 'பவர்கிளைடு' பெட்டியில் இரண்டே கியர்கள். அதை நீக்கிவிட்டு, 1982இல் வெளிவந்த '700ஆர்4' பெட்டியைப் பலர் பொருத்துகின்றனர். இதன் நான்காம் கியரில் இஞ்சின் 70 சுற்றுச் சுற்றினால் வெளித்தண்டு 100 சுற்றுச் சுற்றும். நெடுஞ்சாலையில் எரிபொருள் மிஞ்சும். ஆனால் இஞ்சினின் சுமையைப் பெட்டிக்கு உணர்த்தும் கேபிளைச் சரியான அளவில் பொருத்தாவிடில் அழுத்தம் குறைந்து, புதுத் தகடுகளும் விரைவில் கருகும். மேம்பட்ட கருவி மேம்பட்ட கவனத்தைக் கேட்கிறது.

பழுதுற்றதை எறியுமுன், தேய்ந்தது எது, தேயாதது எது என்று பிரித்துப் பார்த்தல் நலம். மனிதன் அறிவைத் தன்னிடமிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான். அதைத் திறக்கத் துணிந்தவர்களால் அவ்வறிவு மீண்டும் மனிதரிடையே வாழ்கிறது.