கறுப்பின மாணவியரின் சகோதரியர் கழகம் – ஒரு வரலாற்று நோக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிரேக்க எழுத்துக்களைப் பெயராகக் கொண்ட மாணவியர் கழகங்கள் பல உள. இலத்தீன் மொழியில் சகோதரியைக் குறிக்கும் சொல்லினின்றும் பிறந்த 'சொறோறிற்றி' என்னும் பெயரால் அவை வழங்கப்படுகின்றன. இரகசியச் சடங்கு, இலச்சினை, தெரிந்தெடுத்த அங்கத்துவம் என்பன அவற்றின் பொதுப் பண்புகள். வசதிபடைத்த பெண்களின் பொழுதுபோக்கு மன்றங்கள் என அவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், வாசிங்டன் நகரின் ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் தோன்றிய டெல்ற்றா சிக்மா தீற்றாவின் வரலாறு அம்முடிவிற்கு இடந்தருவதாயில்லை.

1867இல் நிறுவப்பட்ட ஹோவார்ட், கறுப்பின மக்களின் உயர்கல்விக்குத் தலையாய நிலையமாக விளங்கியது. 1908இல் அங்கு உருவான அல்பா கப்பா அல்பாவே கறுப்பின மாணவியர் அமைத்த முதலாவது கிரேக்க எழுத்துக் கழகமாகும். 1912இல் அதன் அங்கத்தவருள் 22 மாணவியர் கழகத்தின் பெயரையும் நோக்கையும் மாற்ற விழைந்தனர். ஒன்றுகூடல்களோடு அமையாது அரசியல், சமூகப் பணிகளிலும் இறங்கவேண்டும் என்பது அவர்தம் வாதம். முன்னைய அங்கத்தவர் இணங்கவில்லை. நெல்லி குவாண்டர் என்பார் பழைய கழகத்தைச் சட்டப்படி பதிவுசெய்து காத்தார். 22 பேரும் 1913 சனவரி 13இல் புதிய கழகத்தைத் தொடக்கினர். இதனாற் பழைய கழகத்தைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. 1935 முதல் மிசிசிப்பி மாநிலத்து வறிய கறுப்பின மக்களிடையே அது நடத்திய மருத்துவப் பணி பெரிது.

புதிய கழகத்தின் முதற் பொதுப்பணி, அவ்வாண்டு மார்ச் 3இல் வாசிங்டனில் நிகழ்ந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்திற் பங்குகொண்டமையாகும். வில்சன் சனாதிபதியாகப் பதவியேற்பதற்கு முதல்நாள் அது. தென்மாநிலத்து வெள்ளைப் பெண்களின் மனம் கோணாதிருத்தல் வேண்டி, கறுப்பினப் பெண்களைப் பின்வரிசையில் தனியே நடக்குமாறு அமைப்பாளர் பணித்தனர். ஐடா வெல்ஸ் இதனை ஏற்க மறுத்து, இல்லினோய் மாநிலத்தாரின் அணியில் இடைவழியிற் சேர்ந்துகொண்டார். ஹோவார்ட் மாணவியருக்கு மேரி சேர்ச் ரெரல் துணைநின்றார். வீதியோரக் கூட்டம் ஊர்வலத்தினரை ஏசியது, தாக்கியது, பொலிசார் போதிய காவல் அளித்தாரில்லை. உரிமை கேட்போரே உரிமையை வரிசைப்படுத்திய அவலம் இது! அவ்வவமதிப்பை அறிந்தும் நடந்த அம்மாணவியரின் துணிவை என்னென்பது? 1920இல் வாக்குரிமை கிடைத்தபோதும், தென்மாநிலங்களிற் கறுப்பினப் பெண்கள் பெரும்பாலோர் அதனைப் பயன்படுத்த 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

ஹோவார்டில் மாணவியர் தம் இனத்தார் நடுவே வாழ்ந்தனர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் நிலை வேறு. அங்கு பயின்ற சேடி ரானர் மொசெல், சக மாணவியர் தம்மோடு பேசாதிருந்ததையும், உணவகங்கள் தமக்கு உணவு தர மறுத்ததையும் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். 1918இல் அவரும் வேறு சிலருமாக அமைத்த 'காமா' கிளை, அவ்விடத்தில் அலங்காரமன்று, பேச்சுத்துணை. கழகமொன்றின் உள்ளூர்க் கிளை எதற்காக என்ற வினாவிற்கு இதனினும் தெளிவான விடை எமக்குத் தோன்றவில்லை. 1919இற் சேடி கழகத்தின் முதலாவது தேசியத் தலைவரானார். 1921இற் பொருளியலிற் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் கறுப்பின அமெரிக்கப் பெண்ணுமானார். தென்னாட்டிலிருந்து பிலடெல்பியாவிற் குடியேறிய 100 கறுப்பினக் குடும்பங்களின் வாழ்க்கைத்தரமே அவரது ஆய்வுப்பொருள்.

இங்கு ஒரு முரண்பாட்டை மறைத்தலாகாது. அந்த 100 குடும்பங்களின் புதல்வியருட் பல்கலைக்கழக வாயிலை மிதிக்கக்கூடியவர் மிகச் சிலரே. கழகமோ பல்கலைக்கழகம் புகுந்தோரிலிருந்தும் மேலும் தெரிந்தெடுத்தது. 1937இல் தொடங்கிய நூலகத் திட்டத்தின்மூலம் தென்னாட்டுக் கிராமங்களுக்கு நூல்களைக் கொண்டுசென்றமை இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது எனலாம். சேடிக்கோ, கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னரும் பொருளியலாளர் பதவி எதுவும் வாய்க்கவில்லை. வட கரோலினாவிற் கறுப்பினத்தார் நடத்திய காப்புறுதிக் கம்பனியொன்றிற் சிலகாலம் பணிபுரிந்து, மீண்டு வந்து, அதே பென்சில்வேனியாவிற் சட்டம் பயின்று 1927இல் வழக்கறிஞரானார்.