உத்தனப்பள்ளிக்கு எத்தனை கட்டம்?

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். விடுதிக் கதைகளையும் மெஸ் கதைகளையும் எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் பிழைப்புக்காகச் செய்த வேலையின் சரித்திரத்தைக் கொஞ்சம் எழுதுகிறேன். அது ஒரே கேள்வியில் அடங்கிவிடும்: ஒரு தமிழ்ப் பெயருக்குக் கம்ப்யூட்டரில் எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும்?

"இதென்னப்பா பெரிய கேள்வி, எண்ணிப் பார்த்தால் போச்சு" என்பீர்கள். எதை எண்ணுவது என்பதில்தான் வம்பே.

எங்கள் ஊரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஓசூரிலிருந்து இராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. டீக்கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பெஞ்சில் உட்காரும் ஊர். உ, த், த, ன, ப், ப, ள், ளி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எண்ணினாலும் 8 எழுத்து.

பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி மொழியில் எழுத்துக்கு 'சார்' என்று பெயர். அதன் அளவு ஒரு பைட். ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்து, ஒரு பைட். அர்ரே என்பது விண்ணப்பப் படிவத்தில் வரும் கட்டங்களைப் போல. 20 எழுத்துப் பெயரா? 20 கட்டம், முடிந்தது என்று காட்டும் பூஜ்யத்துக்கு இன்னொன்று, ஆக 21. எழுத்தின் எண்ணிக்கையும் பைட்டின் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்ததால், இரண்டும் வேறு வேறு என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. பின்னால் வந்த அத்தனை தொல்லைக்கும் விதை அங்கேதான் விழுந்தது.

தமிழ் உள்ளே வந்ததும் கணக்கு மாறியது. இந்திய மொழிகளுக்கான இஸ்கி முறை 1988-ல் வந்து, 1991-ல் இந்தியத் தரமாக ஏற்கப்பட்டது. அதில் மெய்க்குப் புள்ளி தனி, உயிர்மெய்க்குக் குறி தனி. எங்கள் ஊர் 12 பைட் ஆயிற்று. 1990-களில் இணையத் தமிழர்கள் சேர்ந்து உருவாக்கிய திஸ்கியில் மெய்யெழுத்துக்குத் தனியிடம் உண்டு. அதில் 9 பைட். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் டாம், டாப் குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் அரசின் அங்கீகாரம் பெற்றன. இவை எல்லாமே 8 பிட்டுக்குள் அடங்கியவை. ஆகவே பழைய 'சார்' அர்ரேக்கள் அப்படியே ஓடின.

இதற்கிடையே 1991-ல் யூனிகோட் முதல் பதிப்பு வந்தது. இஸ்கியின் 1988 வரிசையை ஒட்டியே தமிழுக்கு 128 இடங்கள் கொடுக்கப்பட்டன. எனவே யூனிகோடிலும் எங்கள் ஊர் 12 குறியீடுதான். ஆனால் ஒவ்வொரு குறியீடும் ஒரு பைட்டில் அடங்காது. அதற்குத்தான் அகன்ற எழுத்து, அதாவது வைட் கேரக்டர். 1989-ல் சி மொழியின் தரத்திலேயே அதற்கு இடம் கிடைத்தது. எவ்வளவு அகலம் என்று மட்டும் தரம் வரையறுக்கவில்லை. 1993-ல் வந்த விண்டோஸ் என்.டி. 2 பைட் வைத்துக்கொண்டது. லினக்ஸில் 4 பைட். பூஜ்யத்தையும் சேர்த்து 13 கட்டம் என்றால், எங்கள் ஊருக்கு விண்டோஸில் 26 பைட், லினக்ஸில் 52 பைட். ஊர் ஒன்றுதான்!

பழைய புரோகிராமை அகன்ற எழுத்துக்கு மாற்றும்போது பலரும் செய்வது, 'சார்' என்ற சொல்லைத் தேடி மாற்றிவிடுவது. அர்ரேயில் 200 கட்டம் இருந்தால் 200 கட்டமாகவே இருக்கும், சரி. ஆனால் 'சைஸ்ஆஃப்' என்று கேட்டால் முன்பு 200 என்றது, இப்போது 400 என்னும். அது சொல்வது பைட் கணக்கு. அடுத்த ஃபங்ஷன் கேட்பதோ எழுத்துக் கணக்கு. 200 கட்டத்தில் 400 எழுத்து எழுதலாம் என்று நாமே அனுமதிச் சீட்டு கொடுத்த மாதிரி ஆகிவிடும். நினைவகத்தைக் கேட்டு வாங்கும்போது நேர்மாறான பிழை வரும். அங்கே பைட்டில் கேட்க வேண்டும்; எழுத்தின் எண்ணிக்கையைக் கொடுத்தால் பாதி இடம்தான் கிடைக்கும்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2001 ஜூலையில் பரவிய 'கோட் ரெட்' புழுவை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மைக்ரோசாஃப்டின் வெப் சர்வரோடு வந்த ஒரு பகுதியில் 200 அகன்ற எழுத்துகளுக்கான அர்ரே இருந்தது. வரும் எழுத்துகளின் எண்ணிக்கையை அர்ரேயின் பைட் அளவோடு ஒப்பிட்டிருந்தார்கள். 399 எழுத்து வந்தாலும் காவல்காரர் கதவைத் திறந்துவிடுவார். ஜூலை 19 அன்று 14 மணி நேரத்துக்குள் 3,59,000-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் அந்தப் புழு புகுந்தது. அதற்கான திருத்தம் ஒரு மாதம் முன்பே, ஜூன் 18-ல் வெளியாகியிருந்தது. பலர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992-ல் அமைத்த யூடிஎஃப்-8 முறைதான் இன்று இணையமெங்கும் இருக்கிறது. அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. எங்கள் ஊர் 36 பைட், பூஜ்யத்தோடு 37.

எங்கள் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் (பெயர் வேண்டாமே) ஊதியப் பட்டியலைத் தமிழுக்கு மாற்றியிருந்தார்கள். பெயருக்கு 40 பைட். இந்தப் பக்கம் முனிவெங்கடப்பா என்ற பெயர் சகஜம். ஆங்கிலத்தில் 14 எழுத்து. 40 தாராளம் என்றே எவரும் நினைப்பர். தமிழில் கண்ணுக்குத் தெரிவது 8 எழுத்து, குறியீடு 14, பைட் 42. பூஜ்யம் போக மிச்சம் 39 பைட்டில் சரியாக 13 குறியீடு அடங்கிற்று. கடைசித் துணைக்கால் மட்டும் விழுந்து, 'முனிவெங்கடப்ப' என்று சீட்டு வந்தது. கட்டம் கட்டமாகக் குப்பை தெரிந்திருந்தால் உடனே கவனித்திருப்பார்கள். பார்ப்பதற்குப் பெயர் மாதிரியே இருந்ததால் நழுவிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு, பாஸ் புத்தகத்தில் ஒரு பெயர், கம்பெனித் தாளில் ஒரு பெயர் என்று அந்தப் பெரியவர் அலைந்தார். "நான் நான்தான்னு எத்தனை பேருகிட்ட சொல்றது, தம்பி?" என்று என்னிடம் கேட்டார். மூன்று பைட் மிச்சம் பிடித்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

எழுத்துக்கு ஓர் இடம் என்ற ஆசை தமிழறிஞர்களுக்கும் உண்டு. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்-16 முறையையும் ஏற்றது. அதில் எங்கள் ஊர் 8 எழுத்து, 8 இடம், 16 பைட், கணக்கு நேர். ஆனாலும் உலகம் யூனிகோட் வழியிலேயே போயிற்று. 2019-ல் யூனிகோட் 12 பதிப்பில் முந்திரி (1/320) போன்ற நம் பழைய பின்ன எண்களுக்கும் இடம் கிடைத்தது. அந்த இடங்கள் 16 பிட்டுக்கு அப்பால் இருக்கின்றன. விண்டோஸின் அகன்ற கட்டத்தில் ஒரு முந்திரிக்கு இரண்டு கட்டம் வேண்டும். "வைட் போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை" என்ற நிம்மதியும் போச்சு.

மாணவ மணிகளே, ராகி வாங்கப் போனால் 'பத்து' என்று சொல்லிவிட்டு யாரும் வருவதில்லை. படியா, மூட்டையா என்று சொல்கிறோம். எண்ணோடு அலகையும் சொல்வது நம் பாட்டிமார் அறிந்த விஷயம். புரோகிராமிலும் ஓர் எண்ணைக் கண்டால், இது எழுத்தா, குறியீடா, பைட்டா என்று கேளுங்கள். மொத்த சைஸை ஒரு கட்டத்தின் சைஸால் வகுத்தால் கட்டங்களின் எண்ணிக்கை வந்துவிடும்; கட்டங்களை ஒரு கட்டத்தின் சைஸால் பெருக்கினால் பைட் வந்துவிடும். பூஜ்யத்துக்கு ஓர் இடம் விடுங்கள். சோதித்துப் பார்க்க ஆங்கிலப் பெயரைப் போடாதீர்கள். உங்கள் ஊரிலேயே நீளமான தமிழ்ப் பெயர் யாருடையதோ அதைப் போட்டுப் பாருங்கள். அது முழுசாக வெளியே வந்தால், மற்றவர்களுக்கும் இடம் இருக்கும்.