வினைக்குள் மறைந்திருப்பவர் யார்?
ஆங்கிலச் செயப்பாட்டு வினையும் தொடர்வினையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாறு கல்வெட்டுகளிலும் ஏடுகளிலும் மட்டும் அடங்கிவிடுவதில்லை. அச்சமுதாயத்தைப் பற்றி எழுதப்படும் வாக்கியங்களின் வினைமுற்றுகளிலும் அது பதிந்து கிடக்கின்றது. வெள்ளிவிழா மலரில் ஆங்கில இலக்கணத்திற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வீட்டுமனைப் பட்டா, சாதிச் சான்றிதழ், உதவித்தொகை, பணி நியமனம், நீதிமன்றத் தீர்ப்பு ஆகியன ஆங்கிலத்திலோ, ஆங்கில அமைப்பைத் தழுவிய தமிழிலோதான் பெரும்பாலும் நம்மை வந்தடைகின்றன. அவ்வாக்கியங்களின் உள்ளமைப்பை அறியாதவன் தனக்குரியது எது என்பதையும் அறியான். ஆதலின் இப்பொருள் நம் இளைஞர்க்கு இன்றியமையாதது.

செய்வினையும் செயப்பாட்டு வினையும்

'முதலாளி கூலியைக் குறைத்தார்' என்பது செய்வினை. 'கூலி குறைக்கப்பட்டது' என்பது செயப்பாட்டு வினை. நிகழ்ச்சி ஒன்றே. ஆனால் இரண்டாவது வாக்கியத்தில் குறைத்தவரைக் காணோம். ஆங்கிலத்தில் செய்தவரைச் சுட்ட விரும்பினால் 'பை' என்னும் சொல்லைச் சேர்த்துக் கூறலாம், விரும்பாவிடில் விட்டுவிடலாம். அவ்விடுபாட்டிற்கு இலக்கணம் தடை விதிப்பதில்லை.

நம் ஏலமலைத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். ஏலக்காய் பறிக்கப்படுகிறது, உலர்த்தப்படுகிறது, தரம் பிரிக்கப்படுகிறது, போடிநாயக்கனூரில் ஏலம் விடப்படுகிறது என்று நூல்கள் எழுதும். இவற்றில் பிழை யாதும் இல்லை. ஆயினும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, அட்டைக்கடிக்கும் மழைக்கும் இடையே குனிந்து காய் எடுக்கும் பெண்கள் அந்த வாக்கியங்களில் இடம்பெறவில்லை. பொருள் எழுவாயாகிறது; உழைத்தவர் மறைந்துவிடுகிறார்.

தொல்காப்பியத்தின் திண்ணை

இத்தகைய வழக்கு தமிழுக்குப் புதியதன்று. செயப்படுபொருளையே செய்தது போலக் கூறுவதும் உலக வழக்கு என்று தொல்காப்பியம் வினையியலில் விதி வகுக்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, 'திண்ணை மெழுகிற்று' என்பதாகும். திண்ணை தன்னைத்தானே மெழுகிக் கொள்ளாது. மெழுகிய கை ஒன்று உண்டு. வாக்கியத்தில் அக்கை இல்லை.

வியப்பிற்குரிய செய்தி யாதெனில், ஆங்கிலமும் ஒரு காலத்தில் இவ்வாறே பேசிற்று. 18-ஆம் நூற்றாண்டில், கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் வீட்டைக் குறிக்க, 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதினர். 'வீடு கட்டுகிறது' என்பது அதன் நேர்பொருள். நம் 'திண்ணை மெழுகிற்று' போன்றதே அது. இன்று நாம் பள்ளியில் பயிற்றும் 'தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்' என்னும் வடிவம் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் எழுத்தில் தலைகாட்டிற்று. புதிய வடிவத்தைக் கற்றோர் பலர் வெறுத்தனர். அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு கிராண்ட் ஒயிட், 1870-இல் வெளியிட்ட நூலில் இதனைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். எனினும் மக்கள் வழக்கே வென்றது.

மெக்காலே பிரபு தம் கல்விக் குறிப்பை எழுதிய 1835-ஆம் ஆண்டில், ஆங்கிலேயரின் சொந்த இலக்கணமே இவ்வாறு மாறிக்கொண்டிருந்தது. ஆங்கிலம் வானத்திலிருந்து இறங்கிய மாறாத மொழி என்று எண்ணி அஞ்சுகின்ற மாணவர்கள் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

போடியின் இருப்புப்பாதை

செயப்பாட்டுத் தொடர்வினைக்கு நம் ஊர் இருப்புப்பாதையைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மதுரை – போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950-களில் மீண்டும் இடப்பட்டன. 2010-ஆம் ஆண்டின் முடிவோடு அகலப்பாதைப் பணிக்காக வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2022 மே மாதத்தில் தேனிக்கும், 2023 ஜூன் மாதத்தில் போடிக்கும் அகலப்பாதை வண்டி வந்தது.

இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுக்கும் மேலான காலத்தை ஆங்கிலத்தில் எவ்வாறு கூறுவது? 'தி லைன் வாஸ் பீயிங் கன்வெர்ட்டட்' என்று கூறவேண்டும். மாற்றப்பட்டுக்கொண்டிருந்தது என்பது பொருள். இவ்வடிவம் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விடுகிறது. செய்பவர் யார் என்பது ஒன்று. எப்போது முடியும் என்பது மற்றொன்று. செயப்பாட்டு வினை ஆளை மறைக்கிறது. தொடர்வினை முடிவை மறைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் காத்திருப்பவனுக்கு எஞ்சுவது காத்திருப்பு மட்டுமே. 'உங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு வருகிறது' என்னும் மறுமொழியைப் பெற்றவர் அனைவரும் இவ்விலக்கணத்தை அனுபவத்தால் அறிவர்.

அரசியலமைப்பின் வினைமுற்று

1948-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றது. அதுவே இன்று 17-ஆவது உறுப்பாக விளங்குகிறது. வரைவுக் குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர் என்பதை யாவரும் அறிவோம். அவ்வுறுப்பின் வினைமுற்று 'இஸ் அபாலிஷ்டு' என்பதாகும். இது செயப்பாட்டு வினைதான். ஆனால் தொடர்வினை அன்று. 'இஸ் பீயிங் அபாலிஷ்டு' என்று அங்கே எழுதப்படவில்லை.

தமிழில் இதனை 'ஒழிக்கப்படுகிறது' என்று கூறும்போது, இன்னும் நடந்துகொண்டிருக்கும் செயல் போலச் சிலர்க்குத் தோன்றலாம். தலைவர் எழுந்து, 'கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது' என்று சொல்லும்போது, சொல்லிய கணமே கூட்டம் முடிந்துவிடுகிறது அன்றோ? 17-ஆவது உறுப்பின் வினையும் அத்தகையதே. 1950 ஜனவரி 26 அன்று அவ்வொழிப்பு சட்டத்தில் நிறைவெய்திற்று. ஆகவே, 'சிறிது சிறிதாகத்தான் மாறும், பொறுத்திருங்கள்' என்று நமக்கு அறிவுரை கூறுவோர், அரசியலமைப்பு எழுதாத தொடர்வினையைத் தாமே எழுதிக்கொள்கின்றனர்.

அடுத்து வந்த சட்டங்களையும் நோக்குக. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976-இல் வலுப்படுத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. அதன் தண்டனைப் பிரிவுகள் 'ஹூஎவர்', அதாவது 'எவரேனும்', என்று தொடங்கிச் செய்வினையில் நடக்கின்றன. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவ்வாறே எழுதப்பட்டது. ஒழிப்பை அறிவிக்கச் செயப்பாட்டு வினை போதும். குற்றவாளியைக் கூண்டில் ஏற்ற எழுவாய் வேண்டும்.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மூன்றாவது வழியைக் காட்டியது. குடிநீர் ஏற்பாடு செய்யப்படவேண்டும் என்று செயப்பாட்டில் கூறியபோதும், 'பை தி எம்ப்ளாயர்' என்னும் தொடரை அது விடாமற் சேர்த்திருந்தது. அம்மூன்று சொற்கள் இல்லையேல், தண்ணீர் கொடுக்கவேண்டியவர் யார் என்று மலைமேல் வழக்காட வேண்டியிருந்திருக்கும்.

நம் பெயர்களில் உள்ள வினை

நம்மைக் குறித்த பெயர்களும் இவ்விலக்கணத்துள் அடங்குவனவே. 'தாழ்ந்தவர்' என்றால் தாமே தாழ்ந்தவர் என்றாகும். 'தாழ்த்தப்பட்டவர்' என்றால் தாழ்த்தியவர் ஒருவர் உண்டு என்பது தானே வெளிப்படும். இங்கே செயப்பாட்டு வினை உண்மையை மறைக்கவில்லை, குற்றத்தைச் சுட்டுகிறது. ஆங்கில அரசு வழங்கிய 'டிப்ரெஸ்டு கிளாஸஸ்' என்பதும், 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் வழங்கிய 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்' என்பதும் செயப்பாட்டு எச்சம் பெற்ற தொடர்களே. 'தலித்' என்னும் சொல்லும் நொறுக்கப்பட்டவர் என்று பொருள்படும் வடமொழி எச்சத்தினின்று வந்ததே. எம்.சி. ராஜா முதலியோரின் முயற்சியால் 1922-இல் சென்னை அரசு ஏற்ற 'ஆதி திராவிடர்' என்னும் பெயரோ வேறு வகையினது. பிறர் நமக்குச் செய்ததை அது கூறவில்லை. நாம் யார் என்பதைக் கூறிற்று.

அன்றாட வழக்கில் கவனிக்கவேண்டியவை

'எனக்கு இரண்டு தம்பியர் உளர்' என்பதற்கு, 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என எழுதும் மாணவர் பலர். உடைமை, அறிவு, விருப்பம் போன்ற நிலைகளுக்குத் தொடர்வினை பொருந்தாது; 'ஐ ஹேவ்', 'ஐ நோ' என்பனவே அமையும். இப்பிழைக்குத் தமிழைக் குறைகூறுதல் தகாது. தமிழிலும் 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று எவரும் பேசுவதில்லை. புதிதாகக் கற்ற வடிவத்தை எல்லா இடத்திலும் ஏற்றுவதால் வரும் பிழை இது.

மாறாக, 'ஐ வாஸ் பார்ன் இன் போடி' என்பதில் பலர் 'வாஸ்' என்பதை விட்டுவிடுகின்றனர். தமிழில் 'பிறந்தேன்' என்பது தன்வினை. ஆங்கிலத்தில் அது செயப்பாட்டு வினை. 'பல ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறோம்' என்று மனுவில் குறிக்க, 'வீ ஆர் லிவிங்' என்பது போதாது; 'வீ ஹேவ் பீன் லிவிங் ஹியர் சின்ஸ் 1980' என்று தொடங்கிய ஆண்டையும் சேர்த்து எழுதவேண்டும். குடியிருப்பின் தொன்மை அவ்வடிவத்தில்தான் விளங்கும்.

இளைஞர்களே! அலுவலகத்திலிருந்து வரும் ஒவ்வொரு தாளையும் இரண்டு வினாக்களுடன் படியுங்கள். செய்பவர் யார்? எந்த நாளுக்குள்? இவ்விரண்டுக்கும் விடை இல்லாத வாக்கியத்தை முடிவான மறுமொழியாக ஏற்காதீர்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் விடையளிக்க 30 நாள் வரையறை விதித்திருக்கிறது. முடிவற்ற தொடர்வினைக்கு அது ஒரு முற்றுப்புள்ளி. நீங்கள் எழுதும் மனுவிலோ, 'விண்ணப்பிக்கப்பட்டது' என்று ஒதுங்கி நில்லாது, 'இன்ன நாளில் நான் விண்ணப்பித்தேன்' என்று எழுவாயாக முன்னின்று எழுதுங்கள். எழுத்தில் எழுவாயாக நிற்கப் பழகியவன் ஊரிலும் அவ்வாறு நிற்கக் கற்றுக்கொள்வான்.