கூத்தராற்றுப்படையும் ஆற்றுப்படுத்தும் அரங்கும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்திற்குக் கூத்தராற்றுப்படை என்றும் ஒரு பெயர் உண்டு. பரிசில் பெற்று மீளும் கூத்தன், வாடி வரும் மற்றொரு கூத்தனுக்குத் தான் நடந்த வழியைச் சொல்லுதலே ஆற்றுப்படையின் இலக்கணம். உளத்துயர் உற்றார்க்குத் துணைநிற்றலை ஈழத்தமிழர் இன்று 'ஆற்றுப்படுத்தல்' என வழங்குவர். வழி என்னும் பொருளும் துயராற்றுதலின் ஒலியும் அச்சொல்லில் கூடி நிற்கின்றன. கூத்து மருந்தாகிய வரலாற்றுக்கு இதனினும் பொருத்தமான வாயில் இல்லை.

மேலைநாட்டில் இத்துறைக்கு வித்திட்டவர் மொரேனோ என்னும் மருத்துவர். 1920களில் வியன்னாவில், எழுதிவைத்த உரையாடல் இன்றி அப்போதைக்கப்போது நடிக்கும் அரங்கினை நடத்திய அவர், 1936இல் அமெரிக்காவின் பீக்கன் நகரில் உளநல மருத்துவமனை நிறுவினார். 1979இல் வட அமெரிக்காவில் நாடகச் சிகிச்சையாளர்க்கெனத் தனிச் சங்கமே தோன்றியது.

தமிழில் இவ்வரலாறு போரின் நடுவே எழுந்தது. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் எழுத, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985 முதல் ஊர்தோறும் நடிக்கப்பெற்றது. வெளியே சொல்ல அஞ்சியதை மக்கள் அரங்கில் கேட்டனர். பின்னர் 'அன்னை இட்ட தீ' போர் உள்ளத்தில் இட்ட காயத்தையும், 'எந்தையும் தாயும்' பிள்ளைகள் புலம்பெயர்ந்தபின் தனித்துவிடப்பட்ட முதியோரின் துயரையும் பொருளாகக் கொண்டன. அக்காலத்திலேயே உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்னும் நூலை 1993இல் தமிழில் தந்தார். மட்டக்களப்பில் 1996இல் தோன்றிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் களிமண்ணும் கதையும் நாடகமுமாகக் கூடி விளையாடினர்.

வேடத்தின் ஆற்றல் யாது? 'நான்' என்று சொல்ல நா எழாதவர், வேறொருவராக நின்று அதனையே சொல்லிவிடுகின்றார். துயருக்கும் அவருக்கும் இடையே வேடம் ஒரு முழ இடைவெளி தருகின்றது. எனினும் வேடம் புனைதலினும் களைதல் அரிது. ஆட்டம் முடிந்தபின் ஒவ்வொருவரையும் தம் பெயருக்கும் தம் வாழ்வுக்கும் மீட்டுக் கொணரத் தெரியாதவன் பழைய புண்ணைக் கிளறியவனே ஆவான். ஆதலின் இக்கல்வி பயில்வோர் நாடகமும் உளவியலும் கற்பதோடு நில்லாது, மூத்தோர் மேற்பார்வையில் பணிபுரிந்து, தம் உள்ளத்தையும் அம்முறைக்கே உட்படுத்துதல் வேண்டும். பழைய கூத்தனைப் போலத் தாம் நடவாத வழியைப் பிறர்க்குக் காட்டலாகாது.

பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டுக் குப்பங்களும் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையைக் கண்டவை. படகுக்கும் வலைக்கும் கணக்கெழுத இயலும். கடலை நோக்க அஞ்சும் கண்ணுக்குக் கணக்கேது? அத்தகையோருக்காகக் கவிதை எழுதுதல் நம் மரபு. அவர்கள் தம் சொல்லைத் தாமே கண்டெடுக்கும் வரை காத்திருத்தலும் கவிஞர் கற்கவேண்டிய கலையே. கவிஞர் கூடிய இவ்வட்டம் தன் அடுத்த பத்தாண்டில் அக்கலைக்கும் ஓர் இடம் தருமாக.