கெனில்வொர்த்தும் சகுந்தலையும்: கதையறிந்த கண்களுக்கான ஓவியம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட், ஓசூர்க் கோட்டைக்குள் ஒரு மாளிகை எழுப்பினார். இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையே அதற்கு முன்மாதிரி, பெயரும் அதுவே. அப்பெயரை ஆங்கில வாசகர் மனத்தில் ஊன்றியது வால்டர் ஸ்காட்டின் 1821ஆம் ஆண்டு நாவல். ரொமான்டிக் கலையின் ஆற்றல் அதன் பாணியைவிடப் பார்ப்பவர் முன்பே அறிந்திருக்கும் கதையில்தான் தங்கியுள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதைச் சோதிக்க ஓசூர் தகுந்த இடம்.

அந்நாவலின் நாயகி ஏமி ராப்சார்ட் இறந்தது 1560இல்; எலிசபெத் அரசி கெனில்வொர்த்தில் பெருவிருந்து கண்டது 1575இல். இரண்டையும் ஒரே காலத்தில் வைத்துக் கதை பின்னினார் ஸ்காட். வரலாற்றைவிட அக்கதையே நிலைத்தது. ஏமியின் மரணத்தை ஓவியர் யீம்ஸ் 1877இல் வரைந்தார். ஷேக்ஸ்பியரின் ஒஃபீலியாவை மில்லே 1851-52இலும், டென்னிசனின் ஷலாட் சீமாட்டியை வாட்டர்ஹவுஸ் 1888இலும் தீட்டினார்கள். இவர்கள் கதையை முழுதாகச் சொல்லவில்லை. ஒரு கணத்தை நிறுத்திக் காட்டினார்கள். முன்னும் பின்னும் நடந்ததை நிரப்பிக்கொண்டவர்கள் பார்வையாளர்களே.

இந்த இலக்கணத்தை இந்தியாவில் முழுமையாகக் கையாண்டவர் ஓவியர் ரவி வர்மா (1848-1906). அவருடைய 1898ஆம் ஆண்டுச் சகுந்தலை, தோழியின் தோளைப் பற்றியபடி, காலில் தைத்த முள்ளை எடுப்பவள்போல் ஒரு பாதத்தை உயர்த்தி, முகத்தைப் பின்னால் திருப்பி நிற்கிறாள். துஷ்யந்தன் படத்தில் இல்லை. காளிதாசனின் கதையை அறியாதவருக்கு இது காலில் முள் தைத்த ஒரு பெண். அறிந்தவருக்கோ காதலனைக் காணத் தேடிக்கொண்ட சாக்கு. எண்ணெய் வண்ணமும் உடற்கூறும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. படத்தை முடித்துவைக்கும் அறிவு இந்த மண்ணுக்குரியது.

ரவி வர்மாவின் புகழுக்கு 1894இல் பம்பாயில் தொடங்கிய அவரது அச்சகமே காரணம் என்று மறுக்கலாம். மலிவான அச்சு படங்களை வீடுதோறும் கொண்டுசேர்த்தது உண்மை. ஆனால் வந்த படத்தைச் சுவரில் மாட்டி விளக்கேற்றச் செய்தது அச்சு இயந்திரம் அன்று. லட்சுமியையும் சரஸ்வதியையும் மக்கள் முன்பே அறிந்திருந்தார்கள். ஓசூர் மாளிகைக்கு அப்படியொரு சுற்றம் வாய்க்கவில்லை. அதன் பின்னிருந்த கதை ஆங்கிலம் படித்த சிலரோடு நின்றுவிட்டது. ஊராருக்கு அது துரை கட்டிய கட்டடம், அவ்வளவே.

எல்லை ஊரான ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. பேச்சு வேறானாலும் பாரதமும் ராமாயணமும் மூன்றுக்கும் பொது. ரவி வர்மா வழிவந்த காலண்டர் லட்சுமியை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இதே அறிவை நம்பிச் செதுக்கப்பட்டவையே இவ்வட்டாரத்தின் அடுக்கு நடுகற்கள். கீழே வீரன் பொருது விழுகிறான். நடுவில் தேவமகளிர் அவனை ஏந்திச் செல்கிறார்கள். மேலே அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருக்கிறான். மூன்று கட்டங்களுக்கும் இடையிலுள்ளதைக் காண்பவரே கோத்துக்கொள்கிறார்.

ஆகவே, ரவி வர்மாவை ஐரோப்பியப் பாணியின் மாணவராக மட்டும் எடைபோடுவது பாதி உண்மையே. அவர் தூரிகையை அங்கிருந்து பெற்றார். பார்வையாளரை இங்கிருந்து பெற்றார். எல்லைப்புறக் கலையை ஆராய்வோர் நடுகல், பாரதக்கூத்து, காலண்டர் படம் ஆகியவற்றைத் தனித்தனித் துறைகளாகப் பிரிக்காமல், கதையறிந்த ஒரே மக்களுக்கான கலைகளாகச் சேர்த்துப் படிக்க வேண்டும்.